மூன்றங்குலம் தூக்கிய ஜீப்

ஆரின் டாக்கெட் மனிதர்களிடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தீவனக் கடையில் மூட்டை தூக்கியே காலம் தள்ளியவன். மூட்டையை மாற்றி எடுத்துக்கொண்டு போனவன், மழையில் தானே நனையவிட்ட வைக்கோலைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டைக்கு நிற்பவன், எவனாக இருந்தாலும் "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவான். அவனுக்குள் ஊறும் கோபம் முழுவதும் இரும்பின் மேல் போய்விடும். கழலாத நட்டு, நழுவும் ஸ்பேனர், பாதியில் முறியும் போல்ட் இவற்றை அவன் திட்டுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்ததோ முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு ஜீப். தகரப் பெட்டி போன்ற உடம்பு. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. கொலராடோ வெயிலில் வெளுத்து, இப்போது இன்ன நிறமென்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் மட்டும் சாகாது. மற்ற எல்லாம் முறை வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தன.

அந்த ஜீப்பைத் தூக்கியே ஆக வேண்டும் என்று அவன் கிளம்பியதற்குக் காரணம் ஒரு பாறை.

கட்லர் ஓடையை ஒட்டி மலைமேல் ஏறும் பாதையின் முடிவில் அவன் மனைவி மார்வாவின் மரக்குடில் இருந்தது. மார்வாவின் குடில் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிச் சம்பாதித்த காசில் வாங்கிய துண்டு நிலம். கோடை விடுமுறைகளில் அவளே மரம் அறுத்து, சுவர் எழுப்பி, கூரைத் தகரம் அடித்தது. ஆரின் கூட இருந்து பலகை பிடித்தான், அவ்வளவுதான். இரண்டு கோடைக்கு முன் மேலே மேகம் வெடித்து ஓடையில் வெள்ளம் வந்தபோது, பாதையின் ஓரமெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு கல்படி. ஊரில் அதற்குத் 'தாடை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அடி தாழ்ந்த வண்டி எதுவும் அதன்மேல் ஏறாது என்று பேச்சு.

போன இலையுதிர் காலத்தில் ஆரின் ஏற்றிப் பார்த்தான். முன் சக்கரங்கள் ஏறின. பிறகு வண்டியின் வயிறு பாறையில் உட்கார்ந்துகொண்டது. முன்னும் போகாது, பின்னும் வராது. பக்கத்து இருக்கையில் இடுப்பு வலியோடு மார்வா. கடைசியில் அவளுடைய தம்பி லானிக்குச் சொல்லி அனுப்பி, அவன் வந்து கம்பி கட்டி இழுத்துவிட்டான். இழுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனில் படமும் எடுத்து, தீயணைப்பு நிலையத்து விருந்தில் எல்லோருக்கும் காட்டினான். கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி சக்கரம் சுற்றுகிற ஜீப்பையும், அதன் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிற ஆரினையும் பார்த்து ஊரே சிரித்தது. ஆரினும் சிரித்துவைத்தான்.

பனிக்காலத்தில் மார்வாவுக்கு இடுப்பெலும்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நடக்க ஆரம்பித்துவிட்டாள், ஆனால் தாடையிலிருந்து குடில் வரைக்கும் உள்ள ஏற்றத்தை நடந்து கடப்பது இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனி இளகியதும் மாட்டுக்காரன் டெல்பர்ட் குதிரையில் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து ஒரு சேதி சொன்னான். குடிலின் கதவு திறந்து கிடக்கிறது, கரடி புகுந்திருக்கிறது.

ஆரின் மறுநாளே நடந்து போய்ப் பலகை வைத்துக் கதவை அடைத்துவிட்டு வந்தான். மார்வாவுக்குத் திருப்தி இல்லை.

"நீ ஆணி அடிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? உள்ளே என்னென்ன போச்சுன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். மெத்தை போச்சு. மாவு டப்பா எல்லாம் போச்சு."

"கூரை?"

"கூரையை நான் அண்ணாந்து பார்க்கலை."

"வீட்டுக்குள்ள போனவன் கூரையைப் பார்க்காம வந்திருக்கான்" என்று அவள் காப்பிக் கோப்பையிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் லானி வந்தான். மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுடைய வண்டி வேறு ரகம். புதிதாக வாங்கி, நகரத்துக் கடை ஒன்றில் விட்டு உயர்த்தியது. கதவைத் திறந்தால் மிதிபடி தானாக இறங்கி வரும், மூடினால் உள்ளே போய்விடும்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மார்வா. என் வண்டிக்குத் தாடை ஒரு வேகத்தடை மாதிரி. ஆரின் வேணும்னா பின்னாடி சீட்ல உக்காந்து வரட்டும்."

மார்வா "பார்க்கலாம்டா" என்றாள். அவன் போனதும் ஆரின் சொன்னான்: "நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுல?"

"நம்ம ஜீப்புலதான்."

"அது போன தடவை வயித்துல படுத்துக்கிச்சே."

"தூக்கிடுறேன்."

"எதை?"

"ஜீப்பை. மூணு அங்குலம் தூக்கினாப் போதும்."

மார்வா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு அழுதது போக வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். கடையில் விற்கிற உயர்த்தும் சாமான் மொத்தமாக வாங்க நினைத்துப் பார்க்கவும் வழியில்லை.

"எலோயிசாகிட்டப் போய்ப் பார்க்கிறேன்" என்றான் ஆரின்.

எலோயிசா ஆர்ச்சுலெட்டாவின் காயலான் கடை ஊருக்குத் தெற்கே, முள்வேலிக்குள் பரந்து கிடந்தது. செத்த வண்டிகளுக்கு நடுவே அவளுடைய ஆடுகள் மேயும். ஆரின் தீவனக் கடையில் தனக்குக் கிடைக்கும் சலுகையில் இரண்டு மூட்டை ஆட்டுத் தீவனம் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். அவளிடம் காசைவிட அது செல்லும்.

"என்ன வேணும்?"

"பின்னாடிக்குப் பட்டை ஸ்பிரிங். கொஞ்சம் வளைவு ஜாஸ்தியா இருக்கணும். முன்னாடிக்கு உயரமான சுருள் ஸ்பிரிங்."

"ஓ, தூக்கப் போறியா?" அவள் சிரித்தாள். "இங்கே வர்ற ஆம்பளைங்களுக்கு ஒரு வயசு வந்ததும் இது வந்துடுது. சில பேர் தலைக்கு மை அடிப்பாங்க, சில பேர் ஜீப்பைத் தூக்குவாங்க."

"மார்வாவுக்காகத்தான்."

"எல்லாரும் பொண்டாட்டிக்காகன்னுதான் சொல்றாங்க."

ஒரு பழைய சரக்கு வண்டியைக் காட்டினாள். அதன் பின்பட்டைகள் நல்ல வளைவோடு இருந்தன. ஆரின் பாதி நாள் அதன் அடியில் படுத்துக் கழற்றினான். ஆடு ஒன்று வந்து அவன் தொப்பியைத் தின்றது. முன்பக்கத்துக்கு இன்னொரு வண்டியிலிருந்து கனமான சுருள்கள் கிடைத்தன. போகும்போது எலோயிசா சொன்னாள்: "பட்டைங்களை நடுவுல கோத்து அச்சுல பிடிக்கிற முள் போல்ட்டைப் புதுசா போட்டுக்கோ. பழசை நம்பாதே."

"சரி" என்றான். பழையது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையே போட்டுக்கொள்ளலாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டான்.

ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஜாக்கியில் ஜீப்பின் பின்புறத்தைத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் புகுந்தான். முதல் மூன்று போல்ட் கழன்றன. நாலாவது போல்ட், பட்டையின் முன்காது உட்காரும் இடத்தில் இருப்பது, சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கழலவில்லை.

ஆரின் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அந்த போல்ட்டின் நட்டு சட்டத்துக்குள்ளே வெல்டிங் வைத்தது. உள்ளே துருப்பிடித்து அந்த வெல்டிங் விட்டுப்போயிருந்தது. இப்போது நட்டும் போல்ட்டும் சேர்ந்தே சுற்றும். நட்டைப் பிடிக்கக் கை நுழையாது. வண்டிக்குள்ளே தரையைத் துளைத்து மேலிருந்து பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"நாயே" என்று ஆரம்பித்தான். அடுத்து அவன் சொன்னதை எழுதுவதற்கில்லை.

துளைப்பதற்கு முன் சூடு காட்டிப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. தீக்குழாயைப் பற்றவைத்து, போல்ட்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினான். போல்ட் அசைய ஆரம்பித்தது. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் மேலே வண்டிக்குள் விரிப்பு புகைய ஆரம்பித்தது அவனுக்குத் தெரியவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து மார்வாதான் பார்த்தாள். தீக்குழாயின் இரைச்சலில் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தோட்டத்துக் குழாயைத் திறந்து, கதவு வழியாகப் பீய்ச்சினாள். விரிப்பு அணைந்தது. மிச்சத் தண்ணீர் தரையிலிருந்த ஓட்டைகள் வழியாக ஆரின் முகத்தில் கொட்டியது. மலையிலிருந்து வரும் ஏப்ரல் மாதத் தண்ணீர்.

அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். பல் கிட்டியது.

"ஜீப் எரிஞ்சுது" என்றாள் மார்வா.

"தெரியுது."

"நான் அணைச்சேன்."

"அதுவும் தெரியுது."

"உள்ளே வா. பீன்ஸும் சோள ரொட்டியும் இருக்கு."

தரையைத் துளைத்தான். நட்டைப் பிடித்தான். போல்ட் முறிந்தது. முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்கப் போய், துளையிடும் முனை முறிந்தது. தீவனக் கடை வேலை முடிந்ததும் ஒவ்வொரு சாயங்காலமும் அவன் அந்த ஒரு போல்ட்டோடு போராடினான். ஒரு சாயங்காலம் லானி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"என்னப்பா, தூக்கியாச்சா?"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஜாக்கியில இருக்கிறப்போ நல்ல உயரமாத்தான் தெரியுது. அப்படியே ஓட்டிட்டுப் போக முடிஞ்சா தேவலை."

ஆரின் சிரித்துவைத்தான். லானி போனதும் கையிலிருந்த ஸ்பேனரை வேலிக்கு அப்பால் வீசினான். பிறகு பக்கத்து வீட்டு நாய்களுக்குப் பயந்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

எப்படியோ பின்பக்கம் முடிந்தது. இரண்டு பட்டைக் கட்டுகளையும் கலைத்து, தன் பழைய பட்டைகளில் நல்லவற்றை எலோயிசாவின் பட்டைகளோடு கலந்து அடுக்கி, பழைய முள் போல்ட்டையே முடுக்கினான். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குகள் அதிசயமாக ஒரே நாளில் ஏறிவிட்டன. ஜாக்கியை இறக்கியபோது ஜீப் தன் காலில் நின்றது. அளந்து பார்த்தான். மூன்று அங்குலம், கொஞ்சம் கூடவே. ஆரின் தெருவுக்குப் போய் நின்று பார்த்தான். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான். மார்வாவையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"நிக்குது" என்றாள் அவள்.

ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலைக்குக் கொண்டு போனான். நாற்பது மைல் வேகம் வரை ஒன்றுமில்லை. நாற்பத்தைந்தைத் தொட்டதும் ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். முன் சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்தது போல் ஆட ஆரம்பித்தன. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் அடித்தது. கண்ணாடி, கதவு, அவன் பல் எல்லாம் ஒன்றாக ஆடின. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பின்னால் வந்த தபால்காரி வண்டியை மெதுவாக்கி, "பரவாயில்லையா ஆரின்?" என்று கேட்டாள். "பரவாயில்லை" என்றான். அவள் போன பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முன் அச்சை இடம் வலம் நகராமல் பிடித்து வைக்கும் தண்டு ஒன்று உண்டு. வண்டி உயர்ந்ததில் அந்தத் தண்டு சாய்ந்து, தேய்ந்த அதன் ரப்பர் இனிமேல் பிடிக்க மாட்டேன் என்றிருந்தது. மறுபடியும் எலோயிசா, மறுபடியும் ஆட்டுத் தீவனம். அவள் கொடுத்த தண்டு அரை அங்குலம் கூடுதல் நீளம். துளையை இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஆட்டம் குறைந்தது; போகவில்லை. நாற்பத்தைந்தைத் தொடாமல் போனால் சமாளிக்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. அதோடு பின்பக்கம் சுழலும் ஷாஃப்ட்டிலிருந்து ஒரு உறுமல் புதிதாகக் கிளம்பியது. அதற்கு வண்டியின் நடுவிலுள்ள கியர் பெட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி வாஷர்கள் கொடுத்தான். அதாவது, தூக்கியதில் கொஞ்சத்தைத் தானே இறக்கினான்.

மே மாதம் பிறந்து, ஓடையில் தண்ணீர் வடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரின் ஜீப்பைக் கழுவி வாசலில் நிறுத்தினான். மார்வா கூடையில் துடைப்பம், ஆணி, புது மாவு, வேகவைத்த எல்க் மான் கறி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் கதவைத் திறந்து பிடித்தான்.

அவள் வலது காலைத் தூக்கினாள். கால் வாசற்படி உயரம்வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கைத்தடியை அவனிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றாள். முகம் வெளுத்தது. காலைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆரின் கைத்தடியைத் திருப்பிக் கொடுத்தான். பாறையை அளந்திருந்தான், பட்டையை அளந்திருந்தான், போல்ட்டை அளந்திருந்தான். அவள் கால் எவ்வளவு உயரும் என்று இந்த இரண்டு மாதத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

"நான் தூக்கி உக்கார வைக்கிறேன்."

"நான் என்ன தீவன மூட்டையா?"

"ஒரு பெட்டி போடுறேன். பால் பெட்டி..."

"பெட்டி மேல ஏறுறதுக்கே இதே காலைத்தானே தூக்கணும்." அவள் திரும்பினாள். "விடு. நான் லானியோட போயிக்கிறேன். அவன் வண்டியில படி இருக்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு ஜீப்பின் கதவை ஓங்கிச் சாத்தினான். கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

மறுநாளே, கையில் கிடைத்த இரும்புக் குழாயை வெட்டி, ஜீப் கதவுக்குக் கீழே தொங்கும்படி ஒரு மிதிபடி வெல்டிங் வைத்தான். அழகாகவே வந்தது. மார்வாவைக் கூப்பிடும் முன் குனிந்து பார்த்தான். படி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று அளந்தான். ஜீப்பின் வயிறு முன்பு எந்த உயரத்தில் இருந்ததோ, அதைவிடத் தாழ்வாகத் தொங்கியது. தாடையில் முதலில் மோதப் போவது அந்தப் படிதான்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை திட்டக்கூட வரவில்லை. திட்டுச் சத்தம் கேட்கவில்லையே என்றுதான் மார்வா வெளியே வந்தாள். படியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"அறுத்துப் போட்டுடு" என்றாள்.

"அறுத்துட்டு?"

அவள் பதில் சொல்லாமல் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். உள்ளே சாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதுகைத் திருப்பி, இருக்கை விளிம்பில் பின்புறத்தை முட்டுக் கொடுத்து, கையால் இழுத்து உடம்பை மேலேற்றினாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"பஸ்ல இருபத்தி ரெண்டு வருஷம் இப்படித்தானே ஏறினேன்" என்றாள். "இந்தப் பக்கம் பிடிக்க ஸ்டியரிங் இருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்கு, காத்துதான்."

"அப்போ வண்டியை யார் ஓட்டுறது?"

"ஏறி உக்காந்தவ ஓட்டுறா."

அடுத்த ஞாயிறு கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஆட்டம் எப்போது வரும் என்று ஆரின் பக்கத்து இருக்கையில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழி வரும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். மார்வா நாற்பதைத் தாண்டவே இல்லை. ஓடைப் பாதைக்குள் திரும்பியதும் அவன் இன்னும் அதிகமாகப் பேச ஆரம்பித்தான். இரண்டாவது கியர் போடு, வலது பக்கம் கல் இருக்கு, பார்த்து, பார்த்து.

"ஆரின், என் பஸ்ல நாப்பது பிள்ளைங்க கத்துவாங்க. அவங்கெல்லாம் உன்னைவிடத் தேவலை."

தாடை வந்தது. அவள் நிறுத்தினாள்.

"இறங்கு. முன்னாடி போய் நின்னு பாரு. பக்கத்துல உக்காந்து மூச்சு விடாதே."

இறங்கி, பாறைக்கு மேலே போய் நின்றான். போன தடவை தான் ஏற்றிய இடத்தைக் கை காட்டினான். நேராக, நடுவில். மார்வா ஸ்டியரிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பின்னால் கொஞ்சம் எடுத்தாள். பிறகு அவன் காட்டிய இடத்தை விட்டுவிட்டு இடது ஓரமாக, கரையை ஒட்டிக் கோணலாக வந்தாள். ஆரின் இரண்டு கையையும் ஆட்டினான். அவள் அவன் பக்கமே பார்க்கவில்லை. இடது முன்சக்கரம் பாறையின் சரிந்த விளிம்பில் ஏறியது. ஜீப் சாய்ந்தது. பட்டைகள் முனகின. ஒரு கணம் நின்றது போல் நின்று, வலது சக்கரமும் ஏறி, பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு, ஜீப் மேலே வந்து நின்றது. பாறையில் எதுவும் உரசிய சத்தமே வரவில்லை.

அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தான். அடுத்த கணமே, இவள் போன வழியில் அந்த மூன்று அங்குலம் தேவைப்பட்டதா என்கிற கேள்வி மனதில் வந்து உட்கார்ந்தது. அதை உதறிவிட்டு ஏறிக்கொண்டான்.

குடிலுக்குள் கரடி செய்திருந்த வேலையைப் பார்த்து மார்வா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். மெத்தையின் பஞ்சு எங்கும் பரவியிருந்தது. சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிளந்திருந்தது. சுவரில் நகக் கீறல். அவள் அழவில்லை. நாற்காலி ஒன்றை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவனை வேலை வாங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். கூரையில் இரண்டு தகரம் பெயர்ந்து, அந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"கூரையைப் பார்க்கலைன்னு சொன்னியே" என்றாள்.

பொழுது சாய்வதற்கு முன் கீழே திரும்பினார்கள். தாடையில் இறங்கும்போதும் அதே இடது ஓரம். முன்சக்கரங்கள் மெதுவாக இறங்கின. பின்சக்கரம் தொப்பென்று விழுந்தபோது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பின் ஜீப் நேராக ஓடவில்லை. முகம் பாதையைப் பார்க்க, பின்புறம் ஓடையைப் பார்க்க, நாய் ஓடுவது போல் கோணலாக ஓடியது.

ஆரின் அடியில் புகுந்து பார்த்தான். பார்ப்பதற்கு முன்பே தெரியும். இடது பட்டைக் கட்டின் முள் போல்ட் துண்டாகியிருந்தது. அச்சு பட்டையிலிருந்து நழுவிப் பின்னால் போயிருந்தது. எலோயிசா சொன்ன போல்ட். வாங்கியிருந்தால் ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகியிருக்காது.

அடியில் படுத்தபடியே அவன் திட்டினான். போல்ட்டில் ஆரம்பித்து, பட்டை, பாறை, வெள்ளம், கரடி என்று போய், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டான். மார்வா மேலே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"பின்னாடி ஒரு சங்கிலி கிடக்கு. அதை வச்சு அச்சை முன்னாடி இழுத்துக் கட்ட முடியுமான்னு பாரு."

முடிந்தது. ஜாக்கியால் தள்ளி, சங்கிலியைச் சட்டத்தில் சுற்றி, ஸ்பேனரை நடுவில் சொருகி முறுக்கிக் கட்டினான். நடக்கிற வேகத்தில் ஓடைப் பாதையைக் கடந்தார்கள். நெடுஞ்சாலையில் நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு ஓரமாக ஊர்ந்தார்கள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தன. மார்வா யாருக்கும் அசையவில்லை. பள்ளிக்கூடப் பேருந்துக்குப் பின்னால் ஹாரன் அடிப்பவர்களை அவள் நிறையப் பார்த்தவள்.

வீட்டு வாசலில் லானி உட்கார்ந்திருந்தான். அக்காள் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தான். கோணலான ஜீப்பையும் சங்கிலியையும் பார்த்தான். போனை எடுக்கக் கை பைக்குள் போனது.

"வெளியே எடுத்தே, வாங்கி ஓடையில வீசிடுவேன்" என்றாள் மார்வா இறங்கியபடியே.

கை வெறுமனே வெளியே வந்தது. "தாடையில ஏறுச்சா?" என்று ஆரினைக் கேட்டான்.

"ஏறுச்சு."

"நடுவுலயா?"

"இல்ல. இடது ஓரம். மார்வா ஏத்தினா."

லானி கன்னத்தைச் சொறிந்தான். கேலி இல்லாமல்தான் சொன்னான்: "இடது ஓரமா? அது வழியாப் போனா தூக்காமலே ஏறியிருக்குமேப்பா. டெல்பர்ட்டோட ஓட்டை வண்டி அப்படித்தானே போகுது."

ஆரின் மனைவியைப் பார்த்தான். தனக்காக அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான்.

"இருக்கலாம்" என்றாள் அவள். "போன தடவை என்கிட்ட ஸ்டியரிங்கைக் கொடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஆரின் ஜாக்கியை எடுத்துவந்து பின் அச்சுக்கு அடியில் வைத்து மிதிக்க ஆரம்பித்தான். லானி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டையை எடுத்துவந்து நீட்டினான். ஆரின் அதை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஆசை.

"கூரைக்கு ரெண்டு தகரம் வேணும்" என்று மார்வா படியேறிக்கொண்டே சொன்னாள். "வர்ற சனிக்கிழமை போகணும். மழை வந்துடும்."

"சனிக்கிழமைக்குள்ள முடியாது" என்றான் ஆரின், அடியிலிருந்து.

"அப்போ ஞாயித்துக்கிழமை."

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் அவன் எலோயிசாவின் கடைக்குப் போனான். இரண்டு பக்கத்துக்கும் புது முள் போல்ட் கேட்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கோடை முழுவதும் மார்வா ஜீப்பை ஓட்டிக்கொண்டு மேலே போனாள், இவன் பக்கத்தில் தகரத்தையும் பலகையையும் பிடித்துக்கொண்டு போனான். கூரை அடைபட்டது. மேசை புதிதாக வந்தது. நாற்பத்தைந்தில் வரும் ஆட்டத்தை மட்டும் அவனால் கடைசிவரை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்றை மாற்றுவான், ஒவ்வொரு வாரமும் அது வேறொரு வேகத்தில் வந்து நிற்கும்.